நித்தியகல்யாணி

நம் வீட்டு வாசலில் அதிகக் கவனிப்பின்றி ஆண்டு முழுதும் பூக்கும் ஒரு செடிக்கு நாம் இரு பெயர்கள் இட்டிருக்கிறோம். என்றும் பூப்பதால் நித்தியகல்யாணி. மயான ஓரங்களிலும் தழைப்பதால் சுடுகாட்டு மல்லி. மங்கலமும் மரணமும் கலந்த இப்பெயர்கள் அதன் மருத்துவ வரலாற்றுக்கும் பொருந்துகின்றன.

இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. அழகுச் செடியாகக் கடல் கடந்து வெப்ப நாடுகளில் பரவிய பின், மக்கள் இதை மருந்தாகவும் கொண்டனர். ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் நீரிழிவுக்கு இதன் கஷாயத்தைக் குடித்தனர். நம் நாட்டு மருத்துவத்திலும் அவ்வழக்கம் உண்டு.

1952-ல் ஜமைக்காவிலிருந்து சில இலைகள் கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றை ஆய்வாளரான தம் சகோதரர் ராபர்ட் நோபிளிடம் அளித்தார். சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஊசிவழி செலுத்தியபோதோ எலிகள் தொற்று கண்டு மடிந்தன. அவற்றின் வெள்ளையணுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. தோல்வியென ஒதுக்கியிருக்கக்கூடிய அம்முடிவிலிருந்தே புதிய கேள்வி பிறந்தது. வெள்ளையணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது மருந்தாகுமா?

நோபிளுடன் பணியாற்றிய வேதியியலாளர் சார்லஸ் பியர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-ல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனமும் தனியே இச்செடியை ஆராய்ந்து வந்தது. அங்கு கண்டறியப்பட்ட வின்கிறிஸ்டின் 1963-ல் அந்நாட்டின் ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ மரணத் தீர்ப்பாகவே இருந்தது. இன்று நல்ல சிகிச்சை கிட்டும் நாடுகளில் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கின்றனர். அவர்களுக்கு அளிக்கப்படும் கூட்டு மருந்துகளில் வின்கிறிஸ்டினும் ஒன்று.

நாட்டு மருத்துவம் கூறிய பயன் அச்சோதனையில் மெய்ப்படவில்லை. ஆயினும் அது சுட்டிக்காட்டியிராவிடில் அவ்விலை ஆய்வகத்தின் வாயிலையே மிதித்திராது. பாட்டியின் சொல்லை வேதவாக்காகக் கொள்வோரும் மூடநம்பிக்கையெனத் தள்ளுவோரும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. அளவறிந்து செலுத்தினால் உயிர் காக்கும் அதே பொருள்கள் அளவு மீறினால் நஞ்சு. எனவே தாமாகக் கஷாயமிட்டுக் குடிப்பது தகாது.

மற்றொன்றையும் நாம் மறத்தலாகாது. மரபறிவுக்கு உரியவர்க்கும் பயனில் பங்கு உண்டென்ற நெறியை உலக நாடுகள் 1992-ன் பல்லுயிர் உடன்படிக்கையில்தான் ஏற்றன. அதற்குள் வின்கிறிஸ்டின் சந்தைக்கு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. வழிகாட்டிய எளிய மக்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. செடி மட்டும் வாசல்தோறும் பூத்துக்கொண்டிருக்கிறது.