பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையே: பள்ளி கைவிடும் இடத்தில் தொடங்கும் திருமணம்

குழந்தைத் திருமணத்தை வறுமையின் விளைவு என்றோ அறியாமையின் விளைவு என்றோ சொல்லி முடித்துவிடுவது பொதுவழக்கம். அந்தப் பெண்பிள்ளை எந்த வகுப்பில் பள்ளியை விட்டு நின்றாள் என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் பள்ளிக்கே செல்லாதோருள் 18 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களில் இது 4 விழுக்காடு மட்டுமே.

தமிழ்நாட்டின் நிலை இரு முகம் கொண்டது. 20–24 வயதுப் பெண்களில் 18 வயதுக்குள் மணம் முடிக்கப்பட்டோர், முந்தைய ஆய்வில் 16.3 விழுக்காடாக இருந்து 12.8 ஆகக் குறைந்தனர். ஆனால் 15–19 வயதில் தாய்மை எய்தியோரும் கருவுற்றோரும் 5 விழுக்காட்டிலிருந்து 6.3 ஆக உயர்ந்தனர்.

சட்டங்களுக்கு இடையே நான்கு ஆண்டுகள்

பெண்ணின் திருமண வயதை 1978ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 18 ஆக்கியது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் அதையே உறுதி செய்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ 6 முதல் 14 வயது வரை மட்டுமே கட்டாயக் கல்வியை உறுதியளிக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று வாயிலைத் திறந்து வைத்தது. ஆக, 14 வயதில் பள்ளியின் பிடி தளர்கிறது. 18 வரை திருமணத்தைத் தடுப்பது காகிதச் சட்டம் ஒன்றே.

காஞ்சிபுரத்தின் தறிகளில்

காஞ்சிபுரம் பட்டின் பெருமை கோர்வை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டுப் பிணைக்கப்படுவதால், நெசவாளருடன் பக்கத்தில் அமர்ந்து கரைக்கான நாடாவை எறிய இன்னொருவர் தேவை. நெடுங்காலம் அந்த இன்னொருவர் சிறார்களாகவே இருந்தனர். பெற்றோர் வாங்கிய முன்பணம் தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. கொத்தடிமை முறை 1976இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகும் இது தொடர்ந்ததை, காஞ்சிபுரத்திலும் கள ஆய்வு செய்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. இந்தியப் பட்டுத்தொழிலில் இவ்வாறு கட்டுண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் தலித்துகள் அல்லது முஸ்லிம்கள் என்றும் அது கூறியது.

மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' இதே தர்க்கத்தின் இன்னொரு வடிவம். பள்ளியை விட்ட பெண்பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றாண்டு உழைத்தால், வரதட்சணைக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும் என்பதே அதன் வாக்குறுதி. படிப்பு உழைப்பாகவும், உழைப்பு சீராகவும் மாற்றப்பட்டது.

தலித் மாணவிக்கு இதன்மேல் இன்னொரு சுமையும் உண்டு. குடியிருப்புக்கும் மேல்நிலைப் பள்ளிக்கும் உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது. அது ஊர்த்தெருவின் ஏளனத்தையும் சீண்டலையும் கடந்து செல்லும் தொலைவு. அந்த அச்சத்திலேயே பல பெற்றோர் படிப்பை நிறுத்துகின்றனர். காதல் என்ற பேச்சு எழுந்தால் அவசரத் திருமணம் நடக்கிறது.

உதவி யாரைச் சேர்கிறது?

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. குறிப்பிட்ட வகுப்புவரை படித்து, 18 நிறைந்தபின் மணம் செய்தால் உதவி கிட்டும் என்ற நிபந்தனை படிப்பை நீட்டிக்கத் துணைபுரிந்தது. ஆயினும் பரிசு திருமணத்துக்கே தரப்பட்டது. 2022இல் அது 'புதுமைப் பெண்' திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி பயிலும் மாணவிக்கு மாதம் ரூ.1,000 வழங்குகிறது. இது சரியான திசைமாற்றம். ஆனால் பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டவளுக்கு இதில் இடமில்லை.

இந்த இடத்தில் ஆப்பிரிக்க அனுபவம் நமக்கு உதவுகிறது. மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில் 2008இல் தொடங்கிய ஆய்வில், ஒரு பிரிவினருக்குப் பள்ளி வருகையை நிபந்தனையாக்கியும், மறு பிரிவினருக்கு நிபந்தனையின்றியும் பணம் தரப்பட்டது. படிப்பைத் தொடரச் செய்வதில் நிபந்தனை வென்றது. ஆனால் இளவயதுத் திருமணத்தையும் கருத்தரிப்பையும் வெகுவாகக் குறைத்தது நிபந்தனையற்ற உதவியே. பள்ளியை விட்டவர்களையும் அது சென்றடைந்ததே காரணம். உதவி நின்றபின் அந்தப் பயன் நீடிக்கவில்லை என்பதும் ஒரு பாடம். கருவுற்ற மாணவியரைப் பள்ளியிலிருந்து விலக்கிவந்த தான்சானியா, 2021 நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. இங்கே அத்தகைய அரசாணை எதுவும் இல்லை. ஆனாலும் தாலியுடன் வகுப்புக்குத் திரும்பும் சிறுமியை ஊரும் பள்ளியும் எப்படிப் பார்க்கும் என்பதை நாம் அறிவோம்.

செயற்பாட்டாளர்களுக்கு

திருமண ஏற்பாடு தெரியவந்தால் 1098 எண்ணிலும், குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலராகச் செயல்படும் மாவட்டச் சமூகநல அலுவலரிடமும் புகார் அளிக்கலாம். சிறுமியாக மணம் முடிக்கப்பட்டவர், தமக்கு 20 வயது நிறைவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் அத்திருமணத்தை ரத்துசெய்யக் கோரலாம். இவை கடைசி நேரக் கருவிகள். முன்கூட்டிய கருவி வருகைப்பதிவேடு: ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஒரு தலித் மாணவி தொடர்ந்து வரவில்லையெனில், அந்த வாரமே அவள் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் வேண்டும்.

கட்டாயக் கல்வியை 18 வயதுவரை நீட்டிக்கவும், இடைநின்ற பெண்பிள்ளைகளையும் உதவித் திட்டங்களில் சேர்க்கவும் நாம் குரல் எழுப்ப வேண்டும். திருமண வயதை 21 ஆக உயர்த்த 2021இல் கொண்டுவரப்பட்ட மசோதா, 2024இல் மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியாகிவிட்டது. பெண்ணின் திருமணத்தைத் தள்ளிப்போடத் தேவைப்படுவது, பத்தாம் வகுப்புக்குப் பிறகும் அவளுக்கென ஒரு வகுப்பறை இருக்கும் என்ற உறுதியே.