தாது வருஷப் பஞ்சமும் ஆரணித் தறிகளும்

ஆரணி என்றதும் எல்லோருக்கும் பட்டுப் புடவைதான் ஞாபகம் வரும். சரித்திரத்தில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் என்றால் 1751ல் ராபர்ட் கிளைவ் இங்கே நடத்திய சண்டையைச் சொல்வார்கள். நான் எழுதப் போவது இரண்டையும் பற்றி இல்லை. இந்த ஊர் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தையே காலி செய்த ஒரு பஞ்சத்தைப் பற்றி.

1876ல் தென்மேற்குப் பருவமழை சரியாகப் பெய்யவில்லை. சரி, ஐப்பசி மழை வரும் என்று காத்திருந்தார்கள். அதுவும் பொய்த்தது. நம்ம பக்கத்து ஆறுகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதியாகட்டும், செய்யாறாகட்டும், பாலாறாகட்டும், மழை பெய்தால்தான் தண்ணீர். ஏரி வறண்டால் கிணறு வறளும், கிணறு வறண்டால் எல்லாம் முடிந்தது. தமிழ் வருஷக் கணக்கில் அது தாது வருஷம். அதனால் "தாது வருஷப் பஞ்சம்" என்றே பெயர் நின்றுவிட்டது. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் அது விடவில்லை.

பஞ்சம் என்றால் விவசாயிதான் முதலில் சாவான் என்று நினைப்போம். நெசவாளி நிலைமை வேறு மாதிரி. அவனுக்கு நிலம் இல்லை, அதனால் வீட்டில் நெல் சேமிப்பும் இல்லை. துணியை விற்றுத்தான் அரிசி வாங்க வேண்டும். அரிசி விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும்போது ஊரில் யார் புதுத் துணி எடுப்பார்கள்? முதலில் நிறுத்துகிற செலவே அதுதானே! கல்யாணம் தள்ளிப் போகும், முதலாளி நூல் கொடுப்பதை நிறுத்துவார், தறி நின்றுவிடும். கடைத்தெருவில் அரிசி மூட்டை கண்ணுக்குத் தெரியும், கையில் காசு இருக்காது. 1981ல் அமர்த்தியா சென் பஞ்சங்களைப் பற்றிய புத்தகத்தில் சொன்னது இதைத்தான்: உணவு இல்லாமல் சாகிறவர்களைவிட, உணவை வாங்க வழி இல்லாமல் சாகிறவர்கள் அதிகம். பாவுக்குப் போடுகிற கஞ்சியைக்கூட நூலுக்கா வயிற்றுக்கா என்று யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அரசாங்கம் என்ன செய்தது? கதையில் மனசு கொதிக்கிற இடம் இது. 1877 ஜனவரி 1ந் தேதி வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பிரமாண்டமான தர்பார் நடத்திக் கொண்டிருந்தார், விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க. அதே மாதம் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை, செலவைக் குறைக்கச் சொல்லி சென்னை ராஜதானிக்கு அனுப்பினார்கள். இந்த டெம்பிள்தான் 1874ல் பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து சாவே பெரிதாக இல்லாமல் காப்பாற்றியவர். பாராட்டுக்குப் பதில் "ஊதாரி" என்று திட்டு வாங்கினார். அந்தத் திட்டு இங்கே நம் தலையில் விடிந்தது. நாள் முழுக்க கல்லுடைத்து மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும்தான் கூலி என்று நிர்ணயித்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் குறைவு. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிர் பிழைக்கவே போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று சண்டை போட்டார். சில மாதங்கள் கழித்துக் கொஞ்சம் உயர்த்தினார்கள். அதற்குள் எத்தனை பேர் போனார்களோ.

இதில் நெசவாளிக்கு இன்னொரு கஷ்டம். உட்கார்ந்து நெய்த உடம்புக்கு வெயிலில் கல்லுடைக்க வராது. உடைத்தாலும் கை காய்த்துவிடும். மெல்லிய மஸ்லினுக்குப் பேர் போன ஊர் ஆரணி. சொரசொரப்பான விரலில் அந்த மாதிரி நூல் சிக்கும், பட்டு இழை பிரியும். பிழைக்கப் போன வேலை, பிழைப்பையே கெடுக்கும். இதை அதிகாரிகளும் சீக்கிரமே புரிந்து கொண்டார்கள். ராஜதானியில் சில இடங்களில் நெசவாளிகளுக்கு முன்பணம் கொடுத்துத் துணியை அரசாங்கமே வாங்கிக் கொண்டது. பஞ்சத்திற்குப் பிறகு 1880ல் ஸ்ட்ரேச்சி கமிஷன் அறிக்கை வந்து பஞ்சக் கால விதிமுறைகள் உருவாயின. 1898ல் லயல் கமிஷன், நெசவாளிக்கு அவன் தொழிலிலேயே நிவாரணம் கொடுப்பதுதான் நல்லது என்று தெளிவாகவே சொன்னது. இருபது வருஷம் ஆயிற்று!

கணக்கைப் பாருங்கள். 1871 சென்ஸஸில் வட ஆற்காடு மாவட்டத்தில் சுமார் 20 லட்சத்து 15 ஆயிரம் பேர். 1881ல் சுமார் 18 லட்சத்து 17 ஆயிரம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனத்தொகை ஏறத்தாழ 2 லட்சம் குறைந்திருக்கிறது. எல்லோரும் செத்தவர்கள் இல்லை, கப்பல் ஏறியவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ரொம்ப அதிகம். இந்தியா முழுக்க இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் குறைந்தது 55 லட்சம் என்கிறார்கள்.

மழை ஏன் பொய்த்தது என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை. அதே சமயம் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் ஜனங்கள் பட்டினியால் செத்துக் கொண்டிருந்தார்கள். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடானதால் வந்த எல் நினோ, அதுவும் ரொம்பக் கடுமையான ஒன்று, என்று இப்போது தெரியும். ஆனால் எல் நினோ மழையைத்தான் நிறுத்தியது. அந்தக் காலத்திலேயே கோதுமையை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தது எல் நினோ இல்லை :)

இன்றைக்கு நிலைமை கிட்டத்தட்ட தலைகீழ். குழித்தறியில் நெய்கிறவருக்கு பயம் அடைமழைதான். மிதி இருக்கிற குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் உட்கார முடியாது, தெருவில் பாவு போட முடியாது, ஈரத்தில் இழையும் சரியாக வராது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் நம் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் 7 பேர் புதைந்து போனதை நாடே பார்த்தது. மழையில் நின்ற தறிகளை யாரும் டிவியில் காட்டவில்லை. காட்டவும் ஒன்றும் இருக்காது. குழியில் தண்ணீர், மேலே பாதி நெய்த புடவை, நெய்யாத நாளுக்குக் கூலி கிடையாது.