ஸ்பீக்கீசி

ஸ்பீக்கீசி என்பது சட்டத்துக்குப் புறம்பாக மறைவில் மது விற்கும் கூடத்தைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த 1920–1933 காலப்பகுதியில் இவை பெருகின. வெளியே கேட்காதவாறு தணிந்த குரலில் பேசுவதை இப்பெயர் சுட்டுகிறது.

நியூயார்க் நகரின் 52ஆம் தெருவில் 21ஆம் இலக்கக் கட்டிடத்தில் இயங்கிய "21 கிளப்" இவற்றுள் புகழ்பெற்றது. காவலர் சோதனைக்கு வந்தால், நெம்புகோலை இழுத்து அலமாரித் தட்டுகளைச் சாய்த்துப் புட்டிகளைச் சாக்கடையில் விழச்செய்யும் பொறி அங்கிருந்தது. மது சேமித்த நிலவறையோ பக்கத்து 19ஆம் இலக்கக் கட்டிடத்தின் அடியில் இருந்தது. அதன் கனத்த கதவு, சுவர்த்துளையில் கம்பியைச் செருகினால் மட்டுமே திறக்கும். இவ்விடுதி 2020இல் மூடப்பட்டது.

மதுவிலக்கு நீங்கியபின் மறைவுக்குத் தேவையில்லாது போயிற்று. ஆயினும் 2007இல் அதே நகரில் தொடங்கப்பட்ட "பிடிடி" மதுக்கூடத்துக்கு, ஓர் உணவகத்தினுள் உள்ள தொலைபேசிக் கூண்டே வாயிலாக அமைக்கப்பட்டது. இத்தகைய சட்டப்பூர்வக் கூடங்களில் பயணிகளைப் பெரிதும் ஈர்ப்பது வாயிலைத் தேடிக் கண்டடையும் அனுபவமே ஆகும்.