வதந்தி சாட்சியமான வரலாறு: குழந்தை அஸாரியாவும் நான்கு மரண விசாரணைகளும்

1980 ஆகஸ்ட் 17. ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே, பாலைநிலத்தில் தனித்து நிற்கும் உலுரு என்னும் செந்நிறப் பெரும்பாறையின் அடிவாரம். அங்கிருந்த கூடார முகாமில் இரவு எட்டு மணியளவில் ஒரு தாயின் அலறல் எழுந்தது. கூடாரத்தில் உறங்கிக்கொண்டிருந்த தம் கைக்குழந்தையை டிங்கோ தூக்கிச் சென்றுவிட்டதாக அவர் கதறினார். டிங்கோ என்பது அந்நாட்டுக் காட்டு நாய். குழந்தையின் பெயர் அஸாரியா. பிறந்து ஒன்பது வாரங்களே கடந்திருந்தன. தாய் லிண்டி சேம்பர்லைன். தந்தை மைக்கேல், மவுண்ட் ஐசா நகரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்னும் சிறிய கிறிஸ்தவப் பிரிவின் போதகராக இருந்தவர்.

குழந்தையின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அம்மரணம் குறித்து நான்கு மரண விசாரணைகளும், ஒரு கொலை வழக்கும், மேல்முறையீடுகளும், ஒரு விசாரணை ஆணையமும் நடந்தேறின. முதல் இரவில் அந்தத் தாய் சொன்னதை அரசு தன் பதிவேட்டில் எழுத 32 ஆண்டுகள் ஆயின. இடையில் அவர் கொலைகாரி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார். இத்தனைக்கும் வித்திட்டது மக்களின் பேச்சு. கடைத்தெருவிலும் உணவு மேசையிலும் பேசப்பட்ட ஐயம் எவ்வாறு நீதிமன்றத்தினுள் நுழைந்து சாட்சியமாக அமர்ந்தது என்பதை அறிவது, நாவைக் காக்க விரும்பும் எவருக்கும் பயன் தரும்.

அருகில் இருந்தோர் அறிந்தது

அன்றிரவு முகாமில் இருந்தவர்கள் அத்தாயின் சொல்லை ஐயுறவில்லை. லிண்டி குழந்தையை உறங்க வைத்துவிட்டு, சமைத்துக்கொண்டிருந்த இடத்திற்குத் திரும்பிய பின்னர், கூடாரத்திலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டதாக அருகில் நின்ற மற்றொரு தாய் சாட்சியமளித்தார். குழந்தை அதற்கு முன்பே கொல்லப்பட்டுவிட்டது என்பதே பின்னாளில் அரசுத் தரப்பு கூறிய கதை. அவ்வொரு சாட்சியத்தை ஏற்றாலே அக்கதை நில்லாது. விலங்கின் உறுமலைக் கேட்டதாகவும் முகாமில் இருந்தோர் கூறினர்.

சுமார் 300 பேர் அவ்விரவில் வரிசையாக நின்று மணற்பரப்பைத் தேடினர். கூடாரத்தை ஒட்டி டிங்கோவின் கால் தடங்கள் காணப்பட்டன. ஏதோ ஒரு சுமையை இழுத்துச் சென்று இடையில் கீழே வைத்த அடையாளமும் மணலில் பதிந்திருந்தது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான அனங்கு மக்கள் தடம் அறிவதில் தேர்ந்தவர்கள். அவர்களும் அத்தடத்தைப் பின்தொடர்ந்து, டிங்கோவே குழந்தையைக் கொண்டு சென்றது என்றனர். அப்பகுதியின் தலைமை வனக்காவலரோ, டிங்கோக்கள் மனிதருக்கு அஞ்சாது நெருங்கத் தொடங்கிவிட்டன, குழந்தைகளுக்கு ஆபத்து நேரலாம் என்று அந்நிகழ்வுக்கு முன்னரே அரசை எச்சரித்திருந்தார்.

ஆக, அவ்விடத்தையும் அவ்விலங்கையும் அறிந்தவர்கள் ஒரு பக்கம் நின்றனர். எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் உலுருவிலிருந்து வெகு தொலைவில் வாழ்ந்தோர். தொலைவு கூடக் கூட அவர்களின் உறுதியும் கூடியது என்பதுதான் இவ்வரலாற்றின் விந்தை.

தொலைவில் இருந்தோர் பேசியது

டிங்கோ மனிதக் குழந்தையைத் தூக்கிச் செல்லாது என்பது நகரவாசிகளிடையே நிலவிய எண்ணம். அதன்மேல் ஒவ்வொரு கல்லாக அடுக்கப்பட்டது. அஸாரியா என்ற பெயருக்குப் 'பாலைவனத்தில் பலி' என்று பொருள் என ஒரு செய்தி பரவியது. உண்மையில் அது இறைவன் உதவினான் என்னும் பொருளுடைய எபிரேயப் பெயர். ஓர் அகராதியைத் திறந்திருந்தால் அவ்வதந்தி அன்றே மடிந்திருக்கும். திறந்து பார்த்தவர் சிலரே. குழந்தைக்குக் கறுப்பு உடை அணிவித்தது தீய சடங்கின் அடையாளம் எனப்பட்டது. அட்வென்டிஸ்ட் பிரிவினர் பிள்ளைகளைப் பலியிடுவோர் என்றுகூடப் பேசப்பட்டது. அப்பிரிவினரோ புகையையும் மதுவையும் தவிர்த்து, சனிக்கிழமையை ஓய்வுநாளாகப் பேணி வாழும் எளிய மக்கள். அவர்களைப் பற்றி அண்டை வீட்டார் அறிந்திருந்தது மிகக் குறைவு. அறியாமை விட்ட இடைவெளியை அச்சம் நிரப்பியது.

அடுத்து, அத்தாயின் முகம் விசாரிக்கப்பட்டது. தொலைக்காட்சிப் பேட்டிகளில் லிண்டி போதிய அளவு அழவில்லை என்றனர். நிகழ்ந்ததை நிதானமாக விவரித்ததைக் கல்நெஞ்சம் என்றனர். அவர் உடுத்திய உடைகளும் பேச்சாயின. மறுமையில் தம் குழந்தையைக் காண்போம் என்று நம்பும் ஒருவர், துயரத்தை அடக்கிக்கொள்ளக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தோர் அரிது. பொறுமை இங்கே குற்றத்தின் தடயமாயிற்று. அவர் உடைந்து அழுதிருந்தால் அதை நடிப்பு என்று கூறவும் நாக்குகள் இருந்திருக்கும்.

முதல் விசாரணையும் திறந்து விடப்பட்ட கதவும்

ஆங்கிலேயச் சட்ட மரபில் மரண விசாரணை அதிகாரியின் பணி வரையறைக்குட்பட்டது. இறந்தவர் யார், எங்கே, எப்போது, எவ்வாறு இறந்தார் என்பதைக் கண்டறிவதே அவரது கடமை. தண்டனை வழங்குவது அன்று. முதல் விசாரணையை டெனிஸ் பாரிட் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் நடத்தினார். 1981 பிப்ரவரி 20 அன்று தம் முடிவைத் தொலைக்காட்சியில் நேரலையாக வெளியிட அனுமதித்தார். ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் அவ்வாறு நடந்ததில்லை. வதந்திகளை நாட்டு மக்களின் கண்முன்னே முடித்துவைப்பதே அவரது நோக்கம். குழந்தையை டிங்கோவே கொன்றது, பெற்றோர் குற்றமற்றவர் என்று அறிவித்து, அவர்கள் சுமந்த அவதூறுகளுக்காக அவர்களிடம் அனுதாபமும் தெரிவித்தார்.

ஆயினும் அவருடைய முடிவில் மற்றொரு பகுதியும் இருந்தது. நிகழ்வுக்கு ஒரு வாரத்திற்குப் பின், குழந்தையின் உடை பாறையின் அடிவாரத்தில் முகாமிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில் கிடைத்திருந்தது. பொத்தான்கள் பெரும்பாலும் மாட்டியபடியே இருந்த அதன் நிலையைக் கண்டு, பின்னர் யாரோ அடையாளம் தெரியாத ஒருவர் உடலையும் உடையையும் கையாண்டிருக்கலாம் என்று பாரிட் கருதினார். மூடப்பட வேண்டிய கதவு அச்சொல்லால் சற்றே திறந்து நின்றது. 'யாரோ ஒருவர்' என்ற இடத்தில் மக்கள் தாயின் பெயரை எழுதிக்கொண்டனர்.

ஆய்வுக்கூடத்தினுள் புகுந்த ஐயம்

காவல்துறை அந்த உடையை லண்டனில் ஒரு தடயவியல் பேராசிரியரிடம் கொடுத்தது. துணியில் இரத்தம் தோய்ந்த கைத்தடம் தெரிவதாகவும், கழுத்து அறுக்கப்பட்டிருக்கலாம் என்றும் அவர் கூறினார். தம்பதியின் கார் மீண்டும் பிரித்துச் சோதிக்கப்பட்டது. அதனுள் கைக்குழந்தையின் இரத்தம் தெறித்திருப்பதாக அரசு ஆய்வாளர் அறிக்கை அளித்தார். முதல் விசாரணையின் முடிவு ரத்தாயிற்று. இரண்டாம் மரண விசாரணையின் இறுதியில், 1982 பிப்ரவரியில், பெற்றோர் இருவரும் கொலை வழக்கு விசாரணைக்கு அனுப்பப்பட்டனர்.

டார்வின் நகரில் நடந்த அவ்வழக்கில் உடல் இல்லை, ஆயுதம் இல்லை, கண்ட சாட்சி இல்லை. ஒரு தாய் தன் குழந்தையை ஏன் கொல்ல வேண்டும் என்பதற்கு அரசுத் தரப்பு எந்தக் காரணமும் முன்வைக்கவில்லை. 1982 அக்டோபர் 29 அன்று ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் அடங்கிய ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது லிண்டி நிறைமாதக் கர்ப்பிணி. மைக்கேலுக்கு உடந்தைக் குற்றத்திற்காக நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை அளிக்கப்பட்டது. நவம்பர் 17 அன்று பிறந்த பெண்மகவு உடனே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது. சில மாதங்கள் பிணையில் இருந்த லிண்டி, மேல்முறையீடு தள்ளுபடியானதும் 1983 ஏப்ரலில் மீண்டும் சிறை சென்றார். 1984 பிப்ரவரியில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும், மூன்று நீதிபதிகளுக்கு இருவர் என்ற கணக்கில், தண்டனையை உறுதி செய்தது.

பின்னர் அந்த அறிவியல் சான்றுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. காரின் முன்பகுதிக்கு அடியில் காணப்பட்ட 'இரத்தத் தெறிப்பு', ஒலியை அடக்குவதற்காகத் தொழிற்சாலையில் பூசப்படும் கலவை என்று தெரியவந்தது. மவுண்ட் ஐசா தாமிரச் சுரங்க நகரம். அங்கு எங்கும் படியும் தாமிரத் தூசியும் இரத்தம் அறியும் முதற்சோதனையில் இரத்தம் போலவே விளைவு காட்டக்கூடியது. சோதனைத் தகடுகளோ ஆய்வுக்கூட வழக்கப்படி அழிக்கப்பட்டிருந்தன. எனவே வேறொருவர் அவற்றைச் சரிபார்க்க வழியில்லாது போயிற்று. அந்த ஆய்வாளர்கள் பொய்யர்கள் என்று கூறுவதற்கில்லை. நாடே ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களும் அதையே தேடினர். தேடியதைக் கண்டதாக நம்பினர்.

ஒரு சிறிய சட்டை

தம் குழந்தை மேலே ஒரு வெண்ணிறச் சிறு சட்டை அணிந்திருந்தது என்று லிண்டி தொடக்கம் முதல் கூறிவந்தார். முதலில் கிடைத்த உடைகளுடன் அது இல்லை. ஆகவே அது அவர் புனைந்த பொய் என்று வழக்கில் வாதிடப்பட்டது. 1986 பிப்ரவரி தொடக்கத்தில் பாறையிலிருந்து விழுந்து இறந்த ஒரு பயணியின் உடலைத் தேடிச் சென்றவர்கள், டிங்கோக்களின் குகைகள் நிறைந்த ஒரு பகுதியில் மண்ணில் பாதி புதைந்த சட்டை ஒன்றைக் கண்டனர். அது அஸாரியாவின் சட்டை. ஐந்து நாட்களில், பிப்ரவரி 7 அன்று, லிண்டி விடுவிக்கப்பட்டார்.

அதன்பின் நீதிபதி ட்ரெவர் மார்லிங் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் அனங்கு தடம் அறிவோர் சிலரின் சொல்லையும் கேட்டது. தண்டனைக்கு ஆதாரமான சான்றுகள் நிலைக்கத்தக்கவை அல்ல என 1987இல் அறிக்கை தந்தது. 1988 செப்டம்பர் 15 அன்று இருவர் மீதான தீர்ப்பும் ரத்தானது. அப்போதும் பேச்சு ஓயவில்லை. 1995இல் நடந்த மூன்றாம் மரண விசாரணை எதையும் உறுதிப்படுத்தாமல் முடிந்தது. 2001இல் ஃப்ரேசர் தீவில் ஒன்பது வயதுச் சிறுவன் டிங்கோக்களால் கொல்லப்பட்ட பின்னரே, 'டிங்கோ அவ்வாறு செய்யாது' என்ற குரல் பெரிதும் அடங்கியது. 2012 ஜூன் 12 அன்று நான்காம் விசாரணையை நடத்திய எலிசபெத் மோரிஸ், டிங்கோ தாக்கித் தூக்கிச் சென்றதே மரணத்திற்குக் காரணம் என அறிவித்து, பெற்றோரிடம் தம் இரங்கலைத் தெரிவித்தார். இறப்புச் சான்றிதழ் திருத்தப்பட்டது. அஸாரியா உயிரோடு இருந்திருந்தால் அதற்கு முந்தைய நாள் அவளுக்கு 32 வயது நிறைந்திருக்கும்.

நாம் பெறவேண்டியது

இஃப்க் எனப்படும் அவதூறு நிகழ்வை நாம் பாடமாகப் படித்து வந்துள்ளோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட பழி ஏறத்தாழ ஒரு மாதம் மதீனாவில் உலவியது. அதைத் தொடங்கியவன் நயவஞ்சகன். ஆனால் அதைக் கடத்தியவர்களில் நம்பிக்கையாளர்களும் இருந்தனர். அறியாததை நாவால் பரப்பி, அதை அற்பமானதாகக் கருதியதையே அந்நூர் அத்தியாயம் கடிந்துரைக்கிறது. இது நம்மவர் மானத்திற்கு மட்டுமான சட்டம் என்று எண்ணுவோருக்கு அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலான பகுதி போதும். முஸ்லிம் குடும்பத்தார் சிலர் ஒரு யூதர் மீது திருட்டுப் பழியைச் சுமத்தியபோது, அந்த யூதரின் தூய்மையை நிலைநாட்ட அவ்வசனங்கள் அருளப்பட்டன என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளனர்.

லிண்டியைப் பற்றிப் பேசிய மக்களில் பெரும்பாலோர் கொடியவர் அல்லர். காணாமற்போன ஒரு குழந்தைக்காக இரங்கியவர்களே அவர்கள். அந்த இரக்கத்தால்தான் தாங்கள் பேசுவது நியாயம் என்று அவர்களுக்குத் தோன்றியது. நம் ஊரில் ஒரு குழந்தை காணாமற்போகும்போதும் இதுவே நிகழ்கிறது. தேடுவோர் சிலர், பெற்றோரின் முகத்தை ஆராய்வோர் பலர். அத்தகைய வேளையில் மூன்று வினாக்கள் போதுமானவை. இதைச் சொல்பவர் அவ்விடத்தில் இருந்தாரா? இதைச் சரிபார்க்க ஏதேனும் வழி இருக்கிறதா? நான் இதை அடுத்தவரிடம் கூறுவதால் அக்குழந்தைக்கு ஏதேனும் நன்மை உண்டா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்தால், அச்செய்தி சென்று சேர வேண்டிய இடம் விசாரணை அதிகாரியின் மேசை. கிடைக்காவிடில் அது நம்மோடு நின்றுவிட வேண்டும். தேடுவோருடன் சேர்ந்து தேடுவதும், அந்த வீட்டாருக்கு உணவு கொண்டு சேர்ப்பதும், அவர்களுக்காகக் கையேந்துவதும் யாரும் நம்மைத் தடுக்காத பணிகள். நாவினால் பிறருக்குத் தீங்கிழைப்பதிலிருந்து இறைவன் நம் அனைவரையும் காப்பானாக.