கை சொல்லும் கணக்கு

எங்கள் புதுக்கோட்டை வீட்டுக் கொல்லையில் ஒரு நாரத்தை மரம் இருந்தது. அம்மா காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பை அடைத்து ஜாடியில் ஊறப்போடுவாள். பகலில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புநீர். எத்தனை காய்க்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால், "கை சொல்லும்" என்பாள்.

கை சொல்வதை எழுத்தில் கொண்டுவந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். மகனை வளர்த்துக்கொண்டு, வீட்டுப் பொறுப்புக்கு நடுவேதான் எழுதினார். சொந்தக்காரர்கள் ஓயாமல் குறிப்பு கேட்க, புத்தகமாகவே போடச் சொன்னவர் அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951-ல் வந்தது. ஊறுகாய், வற்றல், வடாம் எல்லாம் அந்த வரிசையில் உண்டு.

காலமும் அதற்கேற்றதுதான். 1948-ல் நம் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலை தேடி பிள்ளைகள் சென்னை, பம்பாய் என்று போனார்கள். அங்கே மருமகளுக்குச் சொல்லித்தர மாமியார் பக்கத்தில் இல்லை. என் அக்காவின் கல்யாணச் சீரிலும் இந்தப் புத்தகம் போயிற்று. ஆழாக்குக் கணக்கைக் கிராமாக்கத்தான் அவள் திண்டாடினாள்!

மொட்டை மாடியில் காக்காய் விரட்டிக்கொண்டே அம்மா கும்மிப் பாட்டு கட்டுவாள். அடுப்பில் ஏதாவது பொங்கினால் பாதியில் நின்றுவிடும், மறுநாள் தொடரும். நாரத்தங்காயை அக்கா புத்தகம் பார்த்துச் சமாளித்துவிட்டாள். பாட்டுகளை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு நினைவிருப்பவை இரண்டு. அதிலும் ஒன்றுக்கு முதல் அடி மட்டும்தான்.