நிறுவனக் கொடையும் ஊழியர் தன்னார்வப் பணியும்

நிறுவனக் கொடை என்பது ஒரு வணிக நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுநலத்துக்குச் செலவிடுவது. அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் நேரத்தையும் தொழில்திறனையும் ஊருக்குக் கொடுப்பது ஊழியர் தன்னார்வப் பணி. இந்தியாவில் பேச்சு வழக்கில் இரண்டுக்கும் சேர்த்து ‘சி.எஸ்.ஆர்.’ என்ற ஒரே பெயர்தான். அரசு ஆவணங்கள் ‘நிறுவன சமூகப் பொறுப்பு’ என்கின்றன. சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வது பணத்தை மட்டுமே. நேரத்துக்கு அங்கே இடமில்லை. இந்த வேறுபாடு பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேராக இருக்கிறது.

வணிகர் கொடையின் பழைய வழிகள்

வணிகம் செய்பவர் ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உள்ள இடைக்காலக் கல்வெட்டொன்று, பல ஊர் வணிகக் குழுக்கள் ஒன்றுகூடித் தங்கள் சரக்கின் மீது தாங்களே ஒரு கட்டணம் விதித்துக்கொண்டு அதைக் கோயிலுக்கு அளித்ததைச் சொல்கிறது. உப்பு, அரிசி, மிளகு, பாக்கு என்று ஒவ்வொரு பொதிக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லாபம் வந்த பிறகு யோசித்துக் கொடுத்த பணமல்ல அது. சரக்கு கைமாறும்போதே பிரித்து வைத்தது.

இதே முறைதான் விருதுநகர் வட்டாரத்து நாடார் வணிகர்களிடம் ‘மகமை’ என்ற பெயரில் நிலைத்தது. கடைக்கு வரும் மூட்டைக்கு இத்தனை காசு என்று வசூலித்து, அதில் பள்ளிக்கூடமும் சத்திரமும் நடத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை இந்த மகமையிலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளி. கோயம்புத்தூரில் 1926-இல் பி.எஸ்.ஜி. குடும்பத்துச் சகோதரர்கள் நால்வர் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறக்கட்டளைக்கு எழுதி வைத்தனர். அறத்தை உடன்பிறந்தவரில் ஒருவராக எண்ணிய அந்த ஏற்பாட்டில் தொடங்கிய பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் இன்றும் நடக்கின்றன. வடக்கே டாடா குழுமம் 1912-லேயே தன் ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தது. அக்குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸின் பங்குகளில் ஏறத்தாழ 66 விழுக்காடு அறக்கட்டளைகளிடம் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு பாடம் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய நெய் வேண்டும். கொடையாளி நெய்யை வாங்கித் தந்துவிட்டுப் போகவில்லை. பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்று கொடுத்தார். இடையர் அவற்றை வாங்கிக்கொண்டு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க ஒப்புக்கொள்வார். இந்த ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று அழைக்கின்றன. கிழடானதற்கும் செத்ததற்கும் பதிலாகக் குட்டிகள் வளர்ந்து வரும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. விளக்கோடு சேர்த்து, விளக்கு அணையாமல் இருப்பதற்கான வழியையும் அந்தக் கொடை தந்துவிடுகிறது. இன்றைய நிறுவனக் கொடையை அளந்து பார்க்க இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

சட்டம்

2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று அது வரையறுத்தது. மூன்று ஆண்டு லாபம் 40, 50, 60 கோடி என்றால் சராசரி 50 கோடி. செலவிட வேண்டியது 1 கோடி. மொரிஷியஸ் 2009-லேயே இதுபோல ஒரு விதியை வைத்திருந்தது. இந்தியா அளவுக்குப் பெரிய ஒரு பொருளாதாரம் இப்படிச் சட்டம் போட்டது அதுவே முதல் முறை.

எதற்குச் செலவிடலாம் என்பதை ஏழாம் அட்டவணை சொல்கிறது: பசி, நோய், கல்வி, பெண்கள் முன்னேற்றம், சுற்றுச்சூழல், கிராம வளர்ச்சி, விளையாட்டு, பேரிடர் நிவாரணம் முதலியவை. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவும் அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் பணமும் இதில் சேராது. முதல் ஆண்டில் நாடு முழுவதும் சுமார் 10,000 கோடி ரூபாய் செலவானது. 2022-23-இல் அது ஏறத்தாழ 30,000 கோடி.

தொடக்கத்தில், செலவிடாவிட்டால் காரணம் சொன்னால் போதும் என்றிருந்தது. 2021 ஜனவரியில் அது மாறியது. பல ஆண்டுத் திட்டத்துக்கான பணம் மிஞ்சினால், நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு மூன்று ஆண்டுக்குள் செலவழிக்க வேண்டும். மற்ற மிச்சம் ஆறு மாதத்துக்குள் அட்டவணையில் குறித்த அரசு நிதிக்குப் போய்விடும். தவறினால் அபராதம். இதனால் பணம் முடங்குவது குறைந்தது. ஆனால் மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகச் செலவு செய்யும் பழக்கம் ஒழியவில்லை. பிப்ரவரி கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போன் வந்தால், அது எதற்கென்று அத்துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2020-இல் எழுந்த ஒரு சர்ச்சையையும் குறிப்பிட வேண்டும். கொரோனா காலத்தில் பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பது இந்த 2 விழுக்காட்டில் சேரும், முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுப்பது சேராது என்று மத்திய அரசு விளக்கம் தந்தது. மாநிலங்கள் எதிர்த்தன. எதிர்த்ததில் நியாயம் இருந்தது. ஊரடங்கு நாளில் ஆலையைச் சுற்றியிருந்த ஊருக்குச் சோறு போட்டதில் பெரும்பங்கு மாநில நிர்வாகத்துடையது.

அருகிலுள்ள ஊர்

தான் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் நிறுவனம் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே 135-ஆவது பிரிவு சொல்கிறது. இது வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை என்று மத்திய நிறுவன விவகார அமைச்சகம் பின்னர் தெளிவுபடுத்தியது. எப்படியிருந்தாலும் பணம் ஆலை இருக்கும் இடத்தையே சுற்றி வருகிறது. மாநிலங்களில் மகாராஷ்டிரம் முன்னால் நிற்க, வடகிழக்கு மாநிலங்களுக்கு வருவது சொற்பம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒசூருக்கும் அருகில் இருக்கும் அரசுப் பள்ளிக்குக் கொடையாளி தேடி வருவார். பெரிய ஆலை இல்லாத ஒரு வட்டத்துத் தலைமை ஆசிரியர் மனுவோடு அலைய வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சி. பள்ளியின் தேவை ஒரு பக்கம், கொடுக்க விரும்பும் நிறுவனமும் முன்னாள் மாணவரும் மறுபக்கம். நடுவில் ஓர் அறக்கட்டளை. தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராகவும் விஸ்வநாதன் ஆனந்த் அதன் தூதுவராகவும் பொறுப்பேற்றனர்.

சில நிறுவனங்கள் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பே ஊர்களில் வேர்விட்டன. டி.வி.எஸ். மோட்டாரின் சீனிவாசன் சேவை அறக்கட்டளை 1996 முதல் கிராமங்களில் வேலை செய்கிறது. முருகப்பா குழுமத்தின் ஏ.எம்.எம். அறக்கட்டளை 1953-இல் தொடங்கியது. பத்து, இருபது ஆண்டு ஒரே பகுதியில் இருப்பவர்களுக்கு ஊரின் பிரச்சினை எது என்று கேட்காமலே தெரிந்துவிடுகிறது.

ஊழியர்களின் நேரம்

ஊழியர் தரும் மணி நேரத்தை ரூபாயாக மதிப்பிட்டு 2 விழுக்காட்டில் காட்ட முடியுமா? 2014 ஜூனில் அமைச்சகம் முடியும் என்றது. செப்டம்பரிலேயே அந்த வரியை நீக்கியது. 2021-இல், ஊழியர்களை ஈடுபடுத்துவது நல்லது, ஆனால் அவர்கள் உழைப்பைப் பணமாக்கிக் காட்டக் கூடாது என்று உறுதியாகச் சொன்னது. சரியான முடிவு இது. இல்லையென்றால் மரக்கன்று நட்ட ஒரு காலைப் பொழுதை ஒரு மேலாளரின் சம்பளக் கணக்கில் எழுதி, ஊருக்கு வர வேண்டிய பணத்தைக் குறைத்திருப்பார்கள்.

தன்னார்வப் பணி பல வகை. சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகையைப் பிடித்துத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்புவது ஒன்று. டாடா குழுமம் போல ஆண்டில் சில வாரங்களை இதற்கென ஒதுக்குவது இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் ஐ.டி. ஊழியர்கள் செய்தது போல, யாரும் சொல்லாமல் இறங்குவதும் உண்டு. ஐ.நா. பொதுச்சபை 1985-இல் அறிவித்தபடி டிசம்பர் 5 தன்னார்வலர் நாள். அதையொட்டித்தான் பல நிறுவனங்களில் பனியன் அச்சடிக்கப்படுகிறது.

அதிகம் நடப்பது ஒரு நாள் முகாம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி பஸ் அரசுப் பள்ளி வாசலில் நிற்கும். ஐம்பது பேர் இறங்கிப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, பிற்பகலுக்குள் சுவரில் சூரியக் குடும்பமும் பெருக்கல் வாய்ப்பாடும் வரைந்துவிடுவார்கள். வந்தவர்கள் மனம் தூயது; வியர்வையும் உண்மையானது. ஆனால் அதே சுவருக்கு அடுத்த ஆண்டு வேறொரு நிறுவனம் வேறு நிறம் அடிக்கும். சுவருக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வந்திருக்காது. அதைச் சரிசெய்ய ஐம்பது பேர் வேண்டாம், ஒரு பிளம்பரும் ஒரு மோட்டாரும் போதும் என்பதால் முகாமில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

தொழில்திறனைக் கொடுப்பது இதைவிடப் பயன் தருவது. கணக்கர் ஒருவர் சிறு தொண்டு நிறுவனத்தின் வரவு செலவைச் சீராக்கித் தரலாம். இன்னும் எளிய பணி, பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதித் தருவது. எழுதுபவர் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து கேள்வியைத் தெளிவாக வாசிக்க வேண்டும். மாணவர் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும். விடை தவறென்று தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. எழுதி முடித்த பத்தியைத் திரும்ப வாசித்துக் காட்டும் போது மாணவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே யோசிப்பார். அந்த நேரம் அவருடையது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். எழுத ஆள் கிடைக்காமல் தேர்வுக்கு முந்தின நாள் வரை போன் செய்துகொண்டிருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். வார நாளில் அரை நாள் விடுப்பு தரும் ஒரு நிறுவனம் இங்கே செய்யக்கூடியது மிகப் பெரிது.

கொடுத்த பிறகு

அரசுப் பள்ளிகளில் நிறுவனங்கள் அதிகம் கொடுக்கும் பொருள்களில் ஒன்று குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின். திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டி, கொடையாளியின் பெயர்ப்பலகை பதிப்பார்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் வடிகட்டும் கேண்டில் சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும்; உள்ளிருக்கும் மெம்ப்ரேன் என்ற சவ்வை மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். அந்தப் பணம் யாருடைய கணக்கில் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. தலைமை ஆசிரியர் ஒரு முறை கைப்பணம் போடுவார், இரண்டாம் முறை முடியாது. பிறகு மெஷின் மேல் துணி போர்த்தப்படும். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள்.

ஏரி தூர்வாருவதிலும் இதே கதைதான். பொக்லைன் வைத்து மண்ணை அள்ளி, கரையை உயர்த்திப் படம் எடுப்பது ஒரு மாத வேலை. மேலே வரத்துக் கால்வாய் அடைபட்டோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருந்தால், மழை பெய்தாலும் ஏரிக்குத் தண்ணீர் வராது. மதகும் கலங்கலும் சரியில்லை என்றால் வந்த தண்ணீரும் நிற்காது. இரண்டே ஆண்டில் சீமைக் கருவேலம் தலைதூக்கும்.

சட்டம் இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறது. கொடையில் உருவான சொத்தை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. பயனாளிகளின் குழுவிடமோ பொது அமைப்பிடமோ பதிவு பெற்ற அறக்கட்டளையிடமோ ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலவிட வேண்டிய நிறுவனம், 1 கோடியோ அதற்கு மேலோ ஆன திட்டங்கள் முடிந்து ஓராண்டு கழித்து, அவற்றின் விளைவை வெளியாள் வைத்து ஆராய வேண்டும். ஆனால் நாட்டிலுள்ள பெரும்பாலான பணிகள் அந்த அளவுக்குக் கீழே இருப்பவை. பல ஆண்டுத் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுதான் வரம்பு. அதன் பிறகு மெம்ப்ரேன் மாற்றுவது யார் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

நிறுவனங்கள் தங்கள் சி.எஸ்.ஆர். திட்டங்களை இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். மத்திய அரசின் சி.எஸ்.ஆர். தளத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று யாரும் பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ ஏரிக்கோ ஒரு நிறுவனம் கொடுக்க வந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் எழுந்து கேளுங்கள்: பராமரிப்புக்கு எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு, யார் பொறுப்பு? பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு ரிப்பன் வெட்டலாம்.