பிராக் நகரில் குறுங்காலச் சுற்றுலா

செக் குடியரசின் தலைநகரான பிராக், வல்தாவா ஆற்றின் இருகரைகளிலும் அமைந்துள்ளது. இதன் வரலாற்று மையத்தை யுனெஸ்கோ 1992இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பார்க்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் நடக்கும் தொலைவிலேயே இருப்பதால், இரண்டு மூன்று நாள் விடுப்பில் வருவோருக்கும் நகரம் பிடிபட்டுவிடும்.

பொஹீமிய மன்னர்கள் முடிசூட்டு ஊர்வலம் சென்ற அரச வழியில் நடப்பதே நல்ல தொடக்கம். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கும் இவ்வழி, பழைய நகரச் சதுக்கத்தைக் கடந்து, ஆற்றைத் தாண்டிக் கோட்டைக்கு ஏறுகிறது. சதுக்கத்திலுள்ள வானியல் கடிகாரம் 1410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பகலில் ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூடு உருவம் ஒன்று கயிற்றை இழுத்து மணியடிக்க, மேலே இரு சன்னல்களில் இயேசுவின் சீடர்கள் வரிசையாகத் தோன்றி மறைவார்கள். கூட்டம் இதற்காகத்தான் காத்து நிற்கிறது. ஆனால் பொம்மைகளைவிட வட்டுதான் வியப்பு: இராசி மண்டலத்தில் கதிரவனும் திங்களும் நிற்கும் இடத்தையும், சூரிய மறைவிலிருந்து எண்ணும் பழைய செக் நேரத்தையும் அது ஒருங்கே காட்டும். அருகே தரையில் 27 சிலுவைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து, 1621இல் அங்கே கொல்லப்பட்ட 27 தலைவர்களின் நினைவு அது.

மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டிய சார்லஸ் பாலம் 16 வளைவுகள் கொண்டது. நீளம் ஏறத்தாழ 516 மீட்டர். பாலத்தில் நிற்கும் சிலைகளில் பல, மூலங்களைக் காப்பதற்காக வைக்கப்பட்ட நகல்கள். நெரிசல் கடுமையாதலால் விடியற்காலையில் போவதே மேல்.

கோட்டைக்குள் உள்ள தூய வீத்துஸ் பேராலயம் 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்தது. கிழக்குப் பகுதி நடுக்காலத்தது. மேற்கு முகப்பு பிற்காலத்தில் அதே பாணியில் எழுப்பியது. ஓவியர் அல்போன்ஸ் மூகா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் இப்புதிய பகுதியில் உள்ளது.

நேரம் குறைவென்று யூதர் குடியிருப்பை விட்டுவிடக் கூடாது. பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் ஊர்வாரியாகக் கையால் எழுதப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயரின்கீழ் அடுத்தடுத்து வரும் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் நகரவே முடியாது. மாடியில் நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்ட குழந்தைகளின் ஓவியங்கள் உள்ளன. சனிக்கிழமை இக்கூடத்திற்கு விடுமுறை.

சார்லஸ் பல்கலைக்கழகம் 1348இல் நிறுவப்பட்டது. தமிழறிஞர் கமில் சுவெலபில் பிறந்தது இந்நகரில், படித்தது இப்பல்கலைக்கழகத்தில்; 1968 சோவியத் படையெடுப்பை அடுத்து அவர் நாட்டை விட்டு வெளியேறினார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் இங்கு யூரோ நாணயம் இல்லை, கொருனாவே புழங்குகிறது. ஏற்றம் ஏற முடியாதவர்களை 22ஆம் எண் டிராம் கோட்டை அருகே கொண்டுபோய் விடும். காகிதப் பயணச்சீட்டு வாங்கினால் மட்டும் போதாது, பொறியில் முத்திரையிட்டாக வேண்டும், தவறினால் அபராதம்.